குரலும் கிற்றாரும்: மட்டக்களப்பு வீட்டு அறையில் குறைந்த செலவில் ஒலிப்பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

“எந்த மைக் வாங்கலாம் அண்ணா?” இந்தக் கேள்வியை மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கும் தம்பி கேட்கிறார். கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதம் படிக்கும் தங்கை கேட்கிறார். காத்தான்குடியில் இஸ்லாமிய கீதம் பாடுகிறவர், கல்முனையில் தானே எழுதித் தானே மெட்டமைக்கும் ஆசிரியர் என்று எல்லோருக்கும் இதே கேள்விதான். மீன்பாடும் ஊரில் பாட்டுக்குக் குறைவில்லை. பறங்கியர் வீடுகளில் வயலினும் மண்டலினும் கிற்றாரும் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வந்திருக்கின்றன. பாடியதைச் சுத்தமாகப் பதிந்து வைப்பதில்தான் நாம் இன்னும் தடுமாறுகிறோம்.

கேட்கிறவர்கள் மைக்கிலிருந்து தொடங்குகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் அறை, அடுத்தது மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்பேஸ் பெட்டி, பிறகு மேடைகளில் பாவிக்கும் வகையான ஒரு டைனமிக் மைக், அதன் பின் ஹெட்போன். நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டன்சர் மைக் கடைசி. இந்த வரிசை எனக்குக் காசைக் கொடுத்துக் கற்ற பாடம். நான் முதலில் வாங்கியது, பெட்டியோடு ஸ்டாண்டும் காற்று வெடிப்பைத் தடுக்கும் வலையும் பஞ்சு உறையும் சேர்த்துத் தரும் மலிவான கண்டன்சர் தொகுப்பு. அதை வைத்துத் தங்கையின் குரலைப் பதிந்தேன். திரும்பப் போட்டுக் கேட்டபோது அவளுடைய குரலுக்குப் பின்னால் மின்விசிறி, மதிலில் இருந்த காகம், அடுத்த வளவில் தேங்காய் துருவும் சத்தம், சுவரில் மோதித் திரும்பிய எதிரொலி எல்லாம் ஒன்றும் விடாமல் இருந்தன. மைக்கில் பழுதில்லை. எங்கள் வீட்டுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

படி 1: அறையைக் கேளுங்கள்

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் வழக்கமாகப் பாடக்கூடிய நேரத்தில், பாடப்போகும் அறையில், கைப்பேசியில் ஒரு நிமிடம் ஒன்றும் பேசாமல் பதிவு செய்யுங்கள். பிறகு காதில் இயர்போன் வைத்து, சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். நாள் முழுவதும் நம் காது ஒதுக்கித் தள்ளிவிடும் சத்தங்கள் அத்தனையும் அதில் இருக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். எவற்றை நிறுத்தலாம், எவற்றை நேரம் மாற்றித் தவிர்க்கலாம், எவற்றுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று பிரியுங்கள்.

மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்தலாம். பாண் ஓட்டோவின் இசையையும், பள்ளிவாசல் பாங்கையும், மாலைப் பூசை மணியையும் நேரம் பார்த்துத் தவிர்க்கலாம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தில் ஒலிபெருக்கி இரவெல்லாம் பாடும். அந்த நாட்களில் பதிவை ஒத்திவைத்துவிட்டுச் சடங்குக்குப் போய் வாருங்கள். ஐப்பசிக்குப் பின் மாரி தொடங்கினால் தகரக் கூரைக்குக் கீழே பதிவு நடக்காது. அதற்கு எந்தக் கருவியிலும் மருந்தில்லை. என் அனுபவத்தில் இரவு பத்து மணிக்குப் பிறகும், விடியலில் காகம் எழும்புவதற்கு முன்னும்தான் நம் ஊரின் நல்ல பதிவு நேரங்கள்.

அடுத்தது எதிரொலி. அறையின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். தட்டி முடிந்த பிறகும் “ட்ர்ர்ங்” என்று ஒரு சிணுங்கல் நீண்டால், அது உங்கள் பாட்டிலும் வரும். சீமெந்துச் சுவர், டைல்ஸ் பதித்த தரை, திரையில்லாத யன்னல் ஆகிய மூன்றும் சேர்ந்த அறைகளில் இது நிச்சயம் இருக்கும்.

இதற்குப் பஞ்சுத் துண்டுகளை வாங்கிச் சுவரெல்லாம் ஒட்ட வேண்டாம். மெல்லிய பஞ்சு உயர் ஒலிகளை மட்டும் உறிஞ்சும். கீழ் ஒலிகள் அப்படியே நின்று குரலை மந்தமாக்கும். முட்டை அட்டை அதைவிடப் பயனற்றது. வீட்டிலேயே இருக்கும் பொருட்கள் மேலானவை. மெத்தையைச் சுவரில் சாத்துங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரியின் கதவுகளைத் திறந்து வையுங்கள். கொடி கட்டித் தடித்த போர்வை இரண்டைத் தொங்கவிடுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றால் இன்னும் நல்லது. தரையில் பன்பாயை மட்டும் விரித்தால் போதாது, அதன் மேல் ஒரு போர்வையும் மடித்துப் போடுங்கள்.

மெத்தையை எங்கே வைப்பது என்பதில் பலரும் பிழை விடுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். நாம் வாங்கப்போகும் மைக் முன்பக்கத்தைக் கேட்கும், பின்பக்கத்தைப் பெரிதாகக் கேட்காது. மைக்கின் முன்பக்கத்தில் இருப்பது நீங்களும், உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரும். ஆகவே மெத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அறையின் சரி நடுவிலும் மூலையிலும் நிற்காதீர்கள். வைத்து முடித்ததும் மறுபடி கைதட்டிப் பாருங்கள்.

படி 2: ஒன்றாகவா, ஒன்றன்பின் ஒன்றாகவா?

பாடிக்கொண்டே வாசிப்பவரா நீங்கள்? அல்லது கிற்றாரை முதலில் பதிந்துவிட்டு, அதைக் கேட்டபடி பாடுவீர்களா? எத்தனை மைக் உள்ளீடு தேவை என்பது இந்தப் பதிலில் இருக்கிறது.

ஒன்றன்பின் ஒன்றாக என்றால் ஒரு மைக்கே போதும். கிற்றாருக்கும் அதே மைக், குரலுக்கும் அதே மைக். தவறு விட்டால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப எடுக்கலாம். செலவும் பாதியாகும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. ஆனால் பாட்டின் வேகத்தைக் குரலோடு சேர்த்து இழுத்தும் தளர்த்தியும் வாசிக்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. பிரித்துப் பதியும்போது பாட்டின் உயிர் போய்விடுகிறது என்று அவர்கள் சொல்வது உண்மை. அவர்களுக்கு இரண்டு மைக்கும் இரண்டு மைக் உள்ளீடும் வேண்டும்.

எப்படியானாலும் இன்டர்பேஸை இரண்டு மைக் உள்ளீட்டோடு வாங்கிவிடுங்கள். மைக்கைப் பிறகு ஒன்று கூட்டிக்கொள்ளலாம், இன்டர்பேஸில் ஓட்டையைக் கூட்ட முடியாது.

படி 3: காசைப் பங்கு போடுங்கள்

இலங்கையில் விலை மாதத்துக்கு ஒன்றாக மாறுகிறது. 2022க்குப் பிறகு இறக்குமதிப் பொருட்களின் விலையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு, கையில் இருப்பதைப் பத்துப் பங்காகப் பிரியுங்கள். இன்டர்பேஸுக்கு நான்கு பங்கு, மைக்குக்கு மூன்று, ஹெட்போனுக்கு இரண்டு, ஸ்டாண்ட், கேபிள், வலை எல்லாவற்றுக்குமாக ஒன்று. கணினி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

அவ்வளவு இல்லை என்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. சாம்சன் கியூ2யூ போன்ற மைக்கில் யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் (மைக்குகளுக்கான மூன்று முள் இணைப்பு) இரண்டு வாயும் இருக்கும். இன்றைக்கு அதை நேரே கணினியில் செருகிப் பதியலாம், ஹெட்போனையும் மைக்கிலேயே குத்தலாம். காசு சேர்ந்து இன்டர்பேஸ் வாங்கும் நாளில் அதே மைக்கை எக்ஸ்எல்ஆர் வழியாக மாட்டிக்கொள்ளலாம். யூஎஸ்பி வாய் மட்டும் உள்ள மைக்கை வாங்கினால் பிறகு இந்த ஏறுபடி கிடைக்காது.

படி 4: இன்டர்பேஸ்

மைக்கிலிருந்து வருவது மிக மெல்லிய மின்சாரம். அதைப் பெருக்கி, எண்ணாக மாற்றிக் கணினிக்குக் கொடுப்பதும், கணினியிலிருந்து வருவதை உங்கள் ஹெட்போனுக்குத் தருவதும் இந்தப் பெட்டியின் வேலை. வாங்கும்போது இவ்வளவும் இருக்கிறதா என்று பாருங்கள்: எக்ஸ்எல்ஆர் உள்ளீடு இரண்டு, கண்டன்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் ஃபாண்டம் மின், கிற்றாரின் பிளக்கை நேரே குத்தக்கூடிய உள்ளீடு, பாடுவதை உடனே காதில் கேட்கும் நேரடி மொனிட்டர் வசதி, விண்டோஸுக்கு நிறுவனமே தரும் அசியோ இயக்கி (ஒலியின் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்).

பெயர்களில் ஏமாற வேண்டாம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவிலும் பெரிங்கர் யூஎம்சி22இலும் இரண்டு உள்ளீடு தெரியும். ஆனால் மைக்குக்கு ஒன்றுதான், மற்றது கிற்றார் பிளக்குக்கு. இரண்டு மைக் வேண்டுமென்றால் ஸ்கார்லெட் 2ஐ2 அல்லது பெரிங்கர் யூஎம்சி202எச்டி. செலவைக் குறைக்க நினைக்கிறவருக்கு என் தெரிவு யூஎம்சி202எச்டி. 24 பிட்டில் பதிகிறது, கணினியின் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது, இரண்டு மைக் பெருக்கியும் ஒரே தரம். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் ஸ்கார்லெட் 2ஐ2. ஒலியில் உள்ள வித்தியாசத்தைவிட, அதன் கணினி இயக்கி தொல்லை தராமல் ஓடுவதற்காகவே அந்தக் கூடுதல் காசைக் கொடுக்கலாம்.

பொத்தானை அழுத்தினால் கைதட்டலும் சிரிப்பும் வரும் சிறிய “லைவ் சவுண்ட் கார்ட்” பெட்டிகளை வாங்காதீர்கள். நேரலையில் பேசுகிறவர்களுக்காக அவை செய்யப்பட்டவை. மலிவான யூஎஸ்பி மிக்சர்களிலும் ஒரு சிக்கல் உண்டு. பலவற்றில் எத்தனை மைக் மாட்டினாலும் எல்லாம் கலந்த ஒரே பாதைதான் கணினிக்குப் போகும். குரல் மெலிந்து கிற்றார் மேலோங்கியிருந்தால், பிறகு பிரித்துச் சரிசெய்ய வழியில்லை.

படி 5: மைக்

இங்கே சற்று நின்று பேச வேண்டும். வீண்செலவு அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான்.

கண்டன்சர் மைக் நுண்ணியது. டைனமிக் மைக் அவ்வளவு நுண்ணியதல்ல. எவ்வளவு வித்தியாசம்? ஓடியோ-டெக்னிக்கா ஏடி2020 என்ற கண்டன்சரின் உணர்திறன் -37 டெசிபல். ஷூர் எஸ்எம்57 என்ற டைனமிக்கின் உணர்திறன் -56 டெசிபல். இடையில் 19 டெசிபல், அதாவது ஒரே சத்தத்துக்குக் கண்டன்சர் தரும் மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு.

டைனமிக் மைக் அறையின் சத்தத்தை வாங்காது என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். டைனமிக் மைக்கிடம் மந்திரம் ஒன்றும் இல்லை. அது நம்மை வாயருகே நெருங்கிப் பாட வைக்கிறது, பலன் அந்த நெருக்கத்தால் வருகிறது. மைக்குக்கும் வாய்க்கும் இடையிலான தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் கூடும். 60 சென்ரிமீற்றரிலிருந்து 15 சென்ரிமீற்றருக்கு வந்தால் 12 டெசிபல் கூடுகிறது. காகமும் எதிரொலியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, அவை கூடுவதில்லை. அதனால் அறையைவிடக் குரல் மேலோங்குகிறது. கண்டன்சரையும் இப்படி நெருங்கிப் பாவிக்கலாம். ஆனால் மலிவான கண்டன்சர்கள் நெருங்கினால் “ச”, “ஷ” எழுத்துகளைக் கூர்மையாக்கிக் காதைக் குத்தும். டைனமிக் மைக் அந்த இடத்தில் பணிவாக இருக்கும்.

ஷூர் எஸ்எம்57 1965இலும் எஸ்எம்58 1966இலும் வெளிவந்தவை. இன்றும் மேடையிலும் ஸ்டூடியோவிலும் அவையே நிற்கின்றன. ஒரே ஒரு மைக் வாங்கக் காசு இருந்தால் எஸ்எம்58 வாங்குங்கள், குரலுக்கும் ஆகும், கிற்றாருக்கும் ஆகும். அதற்கும் கை எட்டவில்லை என்றால் பெரிங்கர் எக்ஸ்எம்8500 பல மடங்கு மலிவு. அதன் விலைக்கு அந்தக் குரல் தெளிவு எனக்கு இன்றும் வியப்பு.

எஸ்எம்58இல் போலிகள் தாராளமாக உலவுகின்றன. பெட்டி, பை, சின்னம் எல்லாம் அசலைப் போலவே இருக்கும். நான் ஒருமுறை ஒரு போலியைக் கையில் எடுத்த உடனேயே சந்தேகப்பட்டேன். எடை குறைவு. அசலின் எடை 298 கிராம். நகைக் கடைத் தராசு வேண்டாம், சமையலறைத் தராசு போதும். அசலின் கால்வாசி விலைக்குப் “புதிது” என்று யாராவது தந்தால் தராசுக்கும் போக வேண்டியதில்லை.

கிற்றார் பக்கம் டைனமிக்குக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். விரலால் மெல்ல மீட்டுகிறவர்களின் கிற்றாரில் வரும் மினுமினுப்பை டைனமிக் முழுதாகப் பிடிக்காது. பெருக்கியை மிகவும் திருப்பவேண்டியிருப்பதால் “உஸ்” என்ற இரைச்சலும் சேரலாம். பிக் கொண்டு அடித்து வாசிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. மெல்ல மீட்டுகிறவர்கள் அறையை அடக்கி முடித்த பிறகு, இரண்டாவது மைக்காக ஏடி2020 போன்ற ஒரு கண்டன்சரைக் கிற்றாருக்கென்று வாங்கலாம். குரல் டைனமிக்கிலேயே இருக்கட்டும்.

கண்டன்சர் வாங்கினால் ஈரப்பதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். மாரி நாட்களில் ஸ்டாண்டிலேயே விட்டுவைத்த கண்டன்சர் பொரிவது போல் சத்தம் போடத் தொடங்கும். பதிவு முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், அதன் தூசி மைக்கின் வலைக்குள் போகும்.

பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் உள்கருவி) உள்ள கிற்றார் என்றால் நேரே இன்டர்பேஸில் குத்திவிடலாமே என்று தோன்றும். கிற்றாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்குக் கீழே இருக்கும் பீசோ வகைப் பிக்கப்பின் ஒலி பெரும்பாலும் ரப்பரை இழுத்து விட்டது போல இருக்கும், மரத்தின் ஒலி அதில் இல்லை. அடுத்த வளவில் கல்யாண வீடு நடக்கும்போது அது கைகொடுக்கும். மற்ற நாளில் மைக்கே நல்லது.

இன்னொன்று. கடற்காற்றில் கிற்றார்க் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. மைக்குக்குக் காசு சேர்க்கும் முன் ஒரு செட் புதுக் கம்பி போடுங்கள். செத்த கம்பியின் ஒலியை எந்த மைக்காலும் எழுப்ப முடியாது.

படி 6: ஹெட்போன்

காதை முழுதாக மூடும், பின்பக்கம் அடைத்த ஹெட்போன் வேண்டும். திறந்த வகையில் தாளச் சத்தம் வெளியே கசிந்து மைக்குக்குள் போய்விடும். ஓடியோ-டெக்னிக்கா ஏடிஎச்-எம்20எக்ஸ் தொடங்கப் போதும், காசு இருந்தால் எம்40எக்ஸ். புளூடூத் ஹெட்போன் வேண்டாம். பாடிய குரல் காதுக்கு வந்து சேரத் தாமதமாகும், பாடவே முடியாது. ஒலிபெருக்கிகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அடக்காத அறையில் நல்ல ஒலிபெருக்கியும் பொய் சொல்லும்.

படி 7: ஸ்டாண்ட், கேபிள், வலை

கை நீட்டக்கூடிய தரை ஸ்டாண்ட் வாங்குங்கள். மேசை ஸ்டாண்ட் கிற்றார்க்காரருக்கு இடைஞ்சல். கேபிள் இருபக்கமும் எக்ஸ்எல்ஆர் உள்ளதாக, மூன்று அல்லது ஐந்து மீற்றர் நீளத்தில் இருக்கட்டும். ஒரு முனையில் சிறிய கைப்பேசி ஜாக் வைத்து மைக்கோடு இலவசமாக வரும் கேபிளைப் பாவிக்காதீர்கள். “ப”, “ப்ப” வெடிப்பைத் தடுக்கும் வலையை வீட்டிலேயே செய்யலாம். பூப்பின்னல் வளையத்தில் பழைய நைலோன் காலுறையை இரண்டு மடிப்பாக இழுத்துப் பூட்டினால் கடைவலைக்கு ஈடாக வேலை செய்யும்.

படி 8: கணினியும் மென்பொருளும்

8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். மென்பொருளுக்கு ரீப்பர். 60 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்கலாம், பிறகு தனியாள் உரிமம் 60 டொலர். மெக் வைத்திருப்பவருக்குக் கராஜ்பேண்ட் இலவசம். வெட்டி ஒட்டும் வேலை மட்டும் என்றால் இலவசமான ஒடாசிட்டி போதும். திருட்டுப் பிரதிகளை இறக்காதீர்கள். அவற்றோடு வரும் வைரஸ் ஒரு வருடப் பாட்டையும் கொண்டுபோய்விடும்.

மென்பொருளில் பதிவின் தர அமைப்பை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். இதில் ஒரு தனிப்பாதை (ஒரு மைக்கின் ஒரு பதிவு) நிமிடத்துக்கு 8.6 எம்பி அளவில் இடம் எடுக்கும். நான்கு நிமிடப் பாட்டில் ஆறு பாதை இருந்தால் ஏறக்குறைய 207 எம்பி. வன்தட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள், வாரத்துக்கு ஒருமுறை வேறொரு தட்டில் பிரதி எடுங்கள். பதியும்போது பஃபரை (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவு, கூடினால் தாமதமும் கூடும்) 128இல் வையுங்கள். கணினி திணறி ஒலி வெட்டுப்பட்டால் 256. பதிந்த பாதைகளைப் பிறகு கலக்கும் வேலைக்கு 512 அல்லது 1024. பாடும்போது உங்கள் குரலை இன்டர்பேஸின் நேரடி மொனிட்டர் வழியாகக் கேட்டால் பஃபரால் வரும் தாமதம் உங்களைத் தொடாது.

படி 9: எங்கே, எப்படி வாங்குவது

மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் மேடைக் கருவிகள் கிடைக்கும், டைனமிக் மைக், ஸ்டாண்ட், கேபிள் மூன்றையும் அங்கேயே பார்த்து வாங்கலாம். தூக்கிப் பார்த்து, திருகிப் பார்த்து வாங்க வேண்டிய பொருட்கள் அவை. இன்டர்பேஸுக்குக் கொழும்பில் தெரிவு கூட. புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருவையும் இசைக்கருவிக் கடைகளையும் சுற்றி விலை கேட்டுவிட்டு உதயதேவி ரயிலில் திரும்பி வரலாம். உத்தரவாதத் தாளில் கடையின் முத்திரையும் கருவியின் தொடர் இலக்கமும் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

கட்டாரிலோ லண்டனிலோ மச்சான் இருந்தால் அவரிடம் இன்டர்பேஸையும் ஹெட்போனையும் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தும் பாரமில்லை, யூஎஸ்பி மின்சாரம் என்பதால் மின்னழுத்தப் பிரச்சினையும் இல்லை. ஸ்டாண்டைக் கொண்டுவரச் சொல்லி அவருடைய பயணப்பெட்டியின் கிலோக்களைத் தின்ன வேண்டாம்.

பாவித்த இன்டர்பேஸ் வாங்கினால் மடிக்கணினியையும் ஒரு மைக்கையும் கொண்டுபோய் அங்கேயே மாட்டுங்கள். ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்புங்கள். “கரகர” என்றால் உப்புக்காற்று உள்ளே போயிருக்கிறது. 48 வோல்ட் பொத்தானை அழுத்தி ஒரு கண்டன்சர் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

படி 10: முதல் பதிவு

நம் தோணிக்காரர்கள் பாடும் மீனைக் கேட்கும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிலவு இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைப்பார்கள். துடுப்பை ஒரு முழம் நகர்த்தினால் ஒலி மாறும், அதனால் கேட்கும் இடம் கிடைக்கும்வரை நகர்த்துவார்கள். மைக் வைப்பதும் இதே வேலைதான்.

கிற்றாரின் வட்ட ஓட்டைக்கு நேரே மைக்கை வைக்காதீர்கள். அங்கே காற்று முழங்கும், எல்லாச் சுரமும் “பும்” என்று ஒன்றாகிவிடும். கழுத்து உடலோடு சேரும் இடம், பன்னிரண்டாவது கட்டையின் பக்கம், 20 முதல் 30 சென்ரிமீற்றர் தள்ளி வைத்துத் தொடங்குங்கள். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, நண்பரை வாசிக்கச் சொல்லி, மைக்கை இரண்டு விரற்கடை இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். பாலத்தின் பக்கம் போனால் ஒலி மெலிந்து கூர்மையாகும், ஓட்டையின் பக்கம் போனால் தடிக்கும். நடுவில் ஓர் இடத்தில் கம்பியும் மரமும் சேர்ந்து கேட்கும். அந்த இடத்தில் தரையில் ஸ்டாண்டின் கால்களைச் சுற்றி டேப் ஒட்டி அடையாளம் செய்யுங்கள்.

குரலுக்கு ஒரு சாணைவிடக் குறைவான தூரம், 15 சென்ரிமீற்றர். மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்து வாயை நோக்கித் திருப்பினால் காற்று வெடிப்பு குறையும். இன்னும் நெருங்கினால் குரல் தடிக்கும். மெல்லிய குரலுக்கு அது அழகு, கட்டைக் குரலுக்குச் சுமை.

இரண்டையும் ஒன்றாகப் பதிந்தால் குரல் மைக்கைக் கீழேயிருந்து மேல்நோக்கியும், கிற்றார் மைக்கைக் கீழ்நோக்கியும் சாய்த்து வையுங்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் மற்றதைப் பார்க்கும்போது கலப்பு குறையும்.

பிறகு அளவு. பாட்டில் உரக்கப் பாடும் வரியைப் பாடிக்கொண்டே இன்டர்பேஸின் மைக் குமிழைத் திருப்புங்கள். மென்பொருளின் மீற்றரில் உச்சம் -12 டெசிபலுக்கும் -6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். சிவப்பைத் தொட்டால் அந்தப் பதிவு போய்விட்டது, சரிசெய்ய முடியாது. குறைவாக இருந்தால் 24 பிட்டில் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

பாடும் முன் அரை நிமிடம் சும்மா பதிந்து கேளுங்கள். “ம்ம்ம்” என்று ஒரு தாழ்ந்த முனகல் கேட்டால் அது நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். எங்கள் வீட்டில் அந்த முனகலைத் தேடி ஒரு மாலை முழுவதையும் செலவழித்தேன். கேபிளை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், முனகல் போகவில்லை. கடைசியில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றினேன், அந்தக் கணமே அறை அமைதியானது. மின்கலத்தை முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொண்டு, சார்ஜர் இல்லாமல் பதியுங்கள். மின்சாரம் போனாலும் பாட்டு நிற்காது.

ஒரே பாட்டை மூன்று தடவை முழுதாகப் பாடிப் பதியுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம். மறுநாள் காலையில் ஹெட்போனில் கேளுங்கள், பிறகு கைப்பேசியில், பிறகு யாராவது நண்பரின் வாகனத்தில். எது உறுத்துகிறது என்று எழுதுங்கள். எதிரொலி என்றால் இன்னொரு போர்வை. கிற்றார் மங்கல் என்றால் கம்பியைப் பாருங்கள், அடுத்து மைக் நின்ற இடத்தைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் மங்கல் போகவில்லை என்றால், அந்தக் கண்டன்சருக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம்.